முப்பத்துநாலுதானே

நான் நூலுக்கு வானிலை செய்து கொடுக்கிறவன். என்ன வேலை என்று யாராவது கேட்டால் மில்லில் இருக்கிறேன் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேல் சொன்னால் விளக்க வேண்டியிருக்கும், கேட்டவர் அதற்குள் கொட்டாவி விடுவார். திண்டுக்கல்லுக்கு வடக்கே ஒரு நூற்பாலை. அதன் பக்கச் சுவரோடு ஒட்டி ஒரு பெரிய அறை. உள்ளே ஆளுயர மின்விசிறிகள், தண்ணீர் தூவும் குழாய்கள், தொட்டி. வெளிக்காற்றை இழுத்து, தண்ணீரில் நனைத்து, தகரக் குழாய்கள் வழியாக ஆலைக்குள் விடுவதுதான் அந்த அறையின் வேலை. மில்லில் அதற்கு 'பிளாண்ட்' என்று பெயர். இருபத்தாறு வருடமாக அந்தப் பிளாண்ட் என் பொறுப்பில் இருக்கிறது.

காற்றில் ஈரம் குறைந்தால் நூல் மொடமொடவென்று ஆகி அறுந்துபோகும், பஞ்சு பறக்கும். ஈரம் கூடினால் உருளைகளில் சுற்றிக்கொள்ளும். ஆகவே இவ்வளவு சூடு, இவ்வளவு ஈரம் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அதை ஒருநாளும் தாண்டவிடக் கூடாது. நூல் எங்களிடம் செல்லப்பிள்ளை மாதிரி. கொஞ்சம் முகம் சுளித்தால் மேனேஜரே எழுந்து வந்துவிடுவார்.

ஒரு ஷிப்டுக்கு நான்கு முறை கருவியோடு உள்ளே போவேன். ஒரு சட்டத்தில் இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் அடியில் ஈரத்திரி சுற்றியிருக்கும். கைப்பிடியைப் பிடித்துக் கிலுகிலுப்பை மாதிரி ஒரு நிமிடம் சுழற்றிவிட்டு, இரண்டு அளவையும் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். அந்த நேரத்தில்தான் இயந்திரங்களுக்கு நடுவில் நடந்துகொண்டே இருக்கும் பெண்களில் ஒருத்தி அருகில் வருவாள். பெரும்பாலும் குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிறவர்கள்.

"அண்ணே, புழுங்கிச் சாகுறோம். செத்த நேரம் காத்த நல்லா விடுங்கண்ணே."

கருவியை அவள் முகத்துக்கு நேரே பிடிப்பேன்.

"பாத்துக்க. முப்பத்திமூணு. இதுக்குப் போயி யாராச்சும் சாவாங்களா?"

அவள் அந்தக் கோடுகளைப் பார்ப்பாள். அவளுக்குப் புரிந்ததா இல்லையா என்று நான் கவனித்ததில்லை. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். புகார் அத்தோடு முடிந்தது. எனக்கு முன்னால் பிளாண்டில் இருந்தவரும் இப்படித்தான் செய்வார், அவருக்கு முன்னால் இருந்தவரும் இப்படித்தான் செய்திருப்பார். இருபத்தாறு வருடத்தில் அந்த முறை ஒருதடவைகூடத் தோற்றதில்லை. அதை வீட்டுக்கும் கொண்டுபோனதுதான் நான் செய்த தப்பு.

என் மனைவி வீட்டிலேயே தைக்கிறவள். ரவிக்கை, சுடிதார், ஜூன் மாதத்தில் பள்ளிச் சீருடை. கோடையில் எங்கள் பங்குக்கோவிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கும் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் தைப்பது அவள்தான். நல்ல கை. கழுத்து இறங்கிவிட்டது, கை பிடிக்கிறது என்று திரும்பி வரும் துணி ஒன்றிருக்காது. மோட்டார் வைத்த மெஷின் ஒன்றும், அவள் உயரத்துக்கு ஏற்ற ஒரு மர நாற்காலியும் முன்னறையில் கிடக்கும்.

நத்தம் சாலைப் பக்கம் அந்த வீட்டைக் கட்டி மூன்று வருடம் ஆகியிருந்தது. சாணார்பட்டி போகும் பேருந்துகள் எங்கள் தெருமுனையில் நின்று போகும். வீட்டின் மொட்டைமாடியில் எல்லா மூலைகளிலும் கம்பிகள் இடுப்புயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பிறகு மாடி எடுப்பதற்காக விட்டது. துருப்பிடிக்காமல் இருக்கக் காலித் தண்ணீர்ப் பாட்டில்களை அவற்றின்மேல் கவிழ்த்திருந்தோம். எங்கள் ஊரில் எந்தத் தெருவுக்குப் போனாலும் இந்தக் கம்பிகளைப் பார்க்கலாம். கட்டிய வீடு இவ்வளவுதான், முடிந்துவிட்டது என்று ஒத்துக்கொள்ள இங்கே ஒருவருக்கும் மனசு வராது. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

கட்டும்போது கூரைத் தளத்தின்மேல் தட்டு ஓடு பதிக்க வேண்டுமா என்று கொத்தனாரிடம் கேட்டேன்.

"மாடி எடுக்கிறப்ப அம்புட்டையும் பேத்துத்தானண்ணே போடணும்? இப்பப் பதிச்சா வீணு. பூசி விட்டுருவோம்."

எனக்கும் அது சரியாகப் பட்டது. பூசி விட்டார். மகன் ஓசூரில் வேலைக்குப் போய், அங்கேயே பெண் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு, அங்கேயே குடியும் ஏறிவிட்டான். மாடி யாருக்கு என்று நானும் அவளும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. தளம் வெறும் சிமெண்டோடு வெயிலில் கிடந்தது.

முதல் கோடையிலேயே அவள் சொல்ல ஆரம்பித்தாள். மதியம் மூன்று மணிக்கு மேல் முன்னறையில் உட்கார முடியவில்லை என்றாள்.

"மேல இருந்து எறங்குதுங்க. தலையில சோத்துப் பானைய எறக்கி வச்ச மாதிரி இருக்கு."

"காத்தாடிய வேகமா வையி."

"வச்சா துணி பறக்குது. பறந்தாலும் பரவால்லன்னு வச்சா, எறங்குறது நிக்க மாட்டேங்குது."

"அடுப்படிலருந்து நேரா வந்து உக்காந்திருப்ப."

அவள் அன்றைக்கு அடுப்பே மூட்டியிருக்கவில்லை. காலையில் வைத்த குழம்புதான். அதைச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

இரண்டாவது கோடையில் பேச்சு கூடியது. வேர்வை கைவிரல் வழியாக இறங்கிப் பட்டுத் துணியில் கறை பட்டுவிட்டது, புதுத் துணி எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று என்றாள். தலை கனக்கிறது, எரிச்சலாக வருகிறது, யார் பேசினாலும் கத்தலாம் போலிருக்கிறது என்றாள். உண்மையிலேயே கத்தவும் செய்தாள். மகன் போனில், "ஏசி போட்டுருங்கப்பா" என்றான். எதற்கு ஏசி, மில்லில் பெண்பிள்ளைகள் எட்டு மணி நேரம் நின்றுகொண்டு வேலை பார்க்கிறார்கள் என்று நான் சொன்னேன். அந்தப் பெண்பிள்ளைகளும் என்னிடம் அதே புகாரைத்தான் சொன்னார்கள் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

மில்லில் கழித்துப் போட்ட சுவர்க் கருவி ஒன்று பிளாண்டில் சும்மா கிடந்தது. சுழற்றத் தேவையில்லாத வகை. சொல்லிவிட்டு எடுத்து வந்து, துடைத்து, புதுத் திரி போட்டு, முன்னறைச் சுவரில் நெஞ்சு உயரத்தில் மாட்டினேன். மூன்று வாரம், வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு தடவை அளவு எடுத்து நோட்டில் எழுதினேன். மில் நோட்டில் எழுதுவது போலவே கோடு போட்டு எழுதினேன். எழுதும்போது எனக்கு ஓர் அற்ப சந்தோஷம் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. வீட்டுச் சண்டையில் ஆதாரத்தோடு பேசுகிறவன் என்ற சந்தோஷம்.

மதியத்தில் முப்பத்துநாலு. சில நாள் அதற்கு ஒன்று குறைவு. ஈரமோ மில்லைவிட வெகுவாகக் குறைவு.

"இந்தா பாரு," என்று நோட்டை அவள் மெஷின்மேல் வைத்தேன். "முப்பத்துநாலுதானே. மில்லுக்கும் வீட்டுக்கும் ஒரு டிகிரிதான் வித்தியாசம். அங்க ஈரம் வேற. அங்க இருக்குறவங்க மனுசங்க இல்லையா?"

"நோட்டு என்னமோ சொல்லட்டும். எனக்கு எறங்குது. நீங்க வேணா இங்கன செத்த நேரம் உக்காந்து பாருங்க."

உட்காரவில்லை. உட்கார்ந்து பார்ப்பது கருவியைச் சந்தேகப்படுவதாக எனக்குப் பட்டது.

அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலில் வைத்து அவளைக் கவனித்தேன். நிரம்பி வழியும் கூட்டம். பக்கத்தில் இரண்டு பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றரை மணி நேரமும் நிதானமாக இருந்தாள், பாட்டுப் பாடினாள். எங்கள் கோவிலின் கூரை வெகு உயரத்தில் இருக்கும். அதை நான் யோசிக்கவில்லை. வெளியே வந்ததும் கேட்டேன்.

"இம்புட்டுக் கூட்டத்துல ஒனக்குப் புழுங்கல. வீட்டுல தனியா உக்காந்தா புழுங்குதா?"

அவள் என்னைப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். எனக்கு அது போதுமான பதிலாக இருந்தது. கோளாறு வீட்டில் இல்லை, இவளிடம் இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டேன். அவளுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. மாதவிலக்கு முன்பின்னாக வந்துகொண்டிருந்தது. அந்த வயதுப் பெண்களைப் பற்றி எல்லா ஆண்களும் என்ன தெரிந்து வைத்திருக்கிறார்களோ அதைத்தான் நானும் தெரிந்து வைத்திருந்தேன். அதாவது ஒன்றும் தெரியாது, ஆனால் பெயர் மட்டும் தெரியும்.

மூன்றாவது கோடை தொடங்கும்போது ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். நோட்டையும் எடுத்துப் போனேன். அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவளிடம், "எப்பலேர்ந்து இப்படி இருக்கும்மா?" என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். அடுத்த கேள்விக்கும் நான்தான் பதில் சொன்னேன். பிறகு அவர் என்னைப் பார்த்தே கேட்க ஆரம்பித்துவிட்டார். நோட்டைப் புரட்டிப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். இவ்வளவு பொறுப்பாக எழுதிக்கொண்டு வரும் கணவரை அவர் பார்த்ததில்லையாம். எனக்குப் பெருமையாக இருந்தது.

"இந்த வயசுல இப்படித்தாம்மா இருக்கும். உடம்புல ஒண்ணும் இல்ல. மனசு அமைதியாக ஒரு மாத்திரை தாரேன்."

காலையில் ஒன்று, இரவு ஒன்று. அவள் மறுக்காமல் போட்டுக்கொண்டாள். காலை மாத்திரையைத் தண்ணீர் டம்ளரோடு நானே எடுத்துக் கொடுப்பேன்.

பத்து நாளில் வீடு அமைதியாகிவிட்டது. புழுக்கம் என்ற பேச்சே இல்லை. கத்தல் இல்லை. நான் ஷிப்ட் முடிந்து வரும்போது மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பாள், ஏதாவது கேட்டால் கொஞ்சம் தாமதமாக நிமிர்ந்து பார்ப்பாள். ரவிக்கைகள் நாள் தவறின. ஒருத்தி கழுத்து இறக்கம் சரியில்லை என்று துணியைத் திருப்பிக் கொண்டுவந்தாள். எல்லோருக்கும் வருவதுதான் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு நிம்மதியாக இருந்தது. நூல் அறுவது நின்றுவிட்டால் மில்லில் எப்படி இருக்குமோ அப்படி ஒரு நிம்மதி.

புதுநன்மைக்கு ஒரு வாரம் இருந்தது. மதியம் மூன்றரை மணிக்கு மில்லுக்குப் போன் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெண், அவளும் தையல் தெரிந்தவள், நூல் கேட்டு வந்த இடத்தில் பார்த்திருக்கிறாள். மெஷின் ஊசி என் மனைவியின் ஆள்காட்டி விரலில் நகத்தோடு சேர்ந்து இறங்கி, உள்ளேயே முறிந்திருந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். அவள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சேலையில் வெள்ளை நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன.

"எப்படி ஆச்சு?"

"தூங்கிட்டேன்."

"மெஷின் ஓடிக்கிட்டு இருக்கறப்பயா?"

"ஆமா."

இருபது வருடத்துக்கு மேல் தைக்கிறவள். சமையல் கரண்டியில்கூடக் கை சுட்டுக்கொள்ளாத நிதானம் அவளுக்கு. மாத்திரைதான் காரணம் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. மாத்திரையை நிறுத்தினால் புழுக்கப் பேச்சு திரும்ப வருமே என்றுதான் முதலில் நினைத்தேன். இதை எழுதும்போது கூசுகிறது. ஆனால் முதலில் வந்த நினைப்பு அதுதான்.

ஒரு கையால் சமைக்க முடியாது என்று அவளுடைய அக்கா வந்து சாணார்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் நானும் முடியாத மூன்று வெள்ளைக் கவுன்களும் இருந்தோம். தையல் தெரிந்த அந்தப் பக்கத்து வீட்டுப் பெண் மெஷின் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். கொக்கியும் பித்தானும் பாக்கி. அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தேன். கல்யாணமான புதிதில் என் மனைவிக்கு நெருக்கடியான நாட்களில் கொக்கி தைத்துக் கொடுத்த பழக்கம் எனக்கு உண்டு.

அது ஒரு சனிக்கிழமை. எனக்கு வார விடுமுறை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணியிலிருந்து மின்சாரம் இல்லை. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, மூன்று மணிக்கு மேல், வெளிச்சம் நன்றாக விழுகிற இடம் அதுதான் என்பதால் அவளுடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். வீடு கட்டி மூன்று வருடத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

எனக்குத் தலையில் முடி கிடையாது. நாற்பது வயதிலேயே எல்லாம் போய்விட்டது. இரண்டாவது கொக்கி தைக்கும்போது உச்சந்தலையில் ஏதோ உறுத்தியது. தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மூன்றாவது கொக்கியில் மறுபடியும். வெயில் நேராக மண்டையில் அடிப்பது போல இருந்தது, ஆனால் நான் இருந்தது வீட்டுக்குள். எதிர்ச்சுவரில் கருவியைப் பார்த்தேன். முப்பத்துநாலு. அந்த எண் எனக்குக் கொஞ்சமும் ஆறுதல் தரவில்லை.

பக்கத்தில் கிடந்த செய்தித்தாளை எடுத்து மடித்துத் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் பிடித்தேன். சட்டென்று உறுத்தல் நின்றது. எடுத்தேன், திரும்ப வந்தது. பிடித்தேன், நின்றது. எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று தெரியாது. ஜன்னல் வழியாக யாராவது பார்த்திருந்தால் என்னைத்தான் அந்த டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பார்கள். கருவி மட்டும் அசையாமல் முப்பத்துநாலிலேயே நின்றது.

ஸ்டூலைப் போட்டு ஏறி உள்ளங்கையைத் தளத்தின் அடியில் வைத்தேன். காய்ச்சலில் கிடப்பவன் நெற்றியைவிடச் சூடாக இருந்தது. முன்னறை முழுக்க அங்கங்கே ஸ்டூலை நகர்த்தி வைத்துத் தொட்டுப் பார்த்தேன். எல்லா இடமும் அப்படித்தான். கீழே இறங்கி அவளுடைய நாற்காலியிலேயே திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

இது தெரியாத விஷயமில்லை. வெயிலில் நின்றாலும் புளியமர நிழலில் நின்றாலும் காற்றின் சூடு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இரண்டும் ஒன்று என்று எந்த மடையனும் சொல்லமாட்டான். நான் மாட்டிய கருவி காற்றைத்தான் அளந்தது. மேலேயிருந்து அவள் தலையிலும் தோளிலும் நாளெல்லாம் இறங்கியதை அது அளக்கவில்லை, அளக்கவும் செய்யாது. மில்லில் எங்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. ஏனென்றால் அங்கே மேல்கூரைக்கு அடியில் இன்னொரு பொய்க்கூரை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மெத்தை மாதிரி சூடு தாங்கும் பஞ்சை வைத்து அடைத்திருக்கிறோம். வெயில் நூலைத் தொட்டுவிடக் கூடாதே. ஒரு வருடம் அந்தப் பஞ்சை மாற்றியபோது பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்த்தவன் நான்தான். நூலுக்கு இரண்டு கூரை, என் மனைவிக்கு ஒன்று, அதுவும் மொட்டை.

"எறங்குது" என்றுதான் அவள் முதல் நாளிலிருந்து சொன்னாள். காற்று சூடாக இருக்கிறது என்று அவள் ஒருநாளும் குறை சொல்லவில்லை, மேலேயிருந்து இறங்குகிறது என்றுதான் சொன்னாள். என் தொழிலில் எந்தப் பொறியாளரும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்கமாட்டார். நான் அதைக் கேட்டுவிட்டு அவளுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். என்மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. கொக்கியைத் தைத்து முடிக்க ஆறு மணி ஆயிற்று.

திங்கட்கிழமை அந்த டாக்டரிடம் தனியாகப் போனேன். விரல் விஷயத்தைச் சொன்னேன், தளத்தையும் சொன்னேன். தளத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் மணியைப் பார்த்தார். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அங்கிருந்து நேராகச் சாணார்பட்டிக்குப் பேருந்து ஏறினேன். அவளுடைய அக்கா வீட்டு முற்றத்தில், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெஞ்சனத்துக்கு ஒரு கையால் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒன் நாற்காலியில உக்காந்தேன்," என்றேன்.

"ம்."

"எறங்குது. நீ சொன்னது நெசந்தான். நான்தான் கேக்கல. மாத்திரையும் தேவையில்லாம வாங்கிக் குடுத்துட்டேன். தப்பு என் மேலதான்."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொன்னதில்லை. அவள் அழுவாள், அல்லது திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

"சரிங்க," என்றாள். அடுத்த அவரைக்காயை எடுத்தாள்.

மறுநாளே கொத்தனாரை வரவழைத்தேன். அவர் மாடியில் ஏறிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கம்பிய என்னண்ணே செய்யறது? அத வச்சுக்கிட்டுப் பதிச்சா மூலையெல்லாம் தண்ணி எறங்கும்" என்றார்.

"அறுத்துருங்க."

"அறுத்துட்டா அப்புறம் மாடி எடுக்க முடியாதுண்ணே. யோசிச்சுச் சொல்லுங்க."

மகனுக்குப் போன் போட்டேன். "வேணாம்னா விட்ருங்கப்பா, நான் எங்க அங்க வரப்போறேன்" என்றான். அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். போனை வைத்துவிட்டுக் கொத்தனாரிடம், அறுத்துவிடலாம் என்றேன். இரண்டு நாளில் எல்லாக் கம்பியும் அறுபட்டு, வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளை ஓடுகள் தளம் முழுக்கப் பதிக்கப்பட்டுவிட்டன. ஈரம் காயவும் அவள் சாணார்பட்டியிலிருந்து திரும்பி வரவும் சரியாக இருந்தது.

ஜூன் பிறந்துவிட்டது. சீருடைத் துணிகள் வந்து குவிந்திருந்தன. விரல் ஆறி, நகம் பாதி வளர்ந்திருந்தது. மாத்திரை முழுதாக நின்றிருந்தது. வெயில் இன்னும் குறையவில்லை. எங்கள் ஊரில் ஜூன் மாதத்தைக் கோடை இல்லை என்று சொல்ல முடியாது. காலை ஷிப்ட் முடித்து நான் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி நான்கு. அவள் முன்னறையில் தைத்துக்கொண்டிருந்தாள். காத்தாடி மெல்லச் சுற்றியது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். உச்சந்தலையில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறித் தளத்தைத் தொட்டுப் பார்க்கத் தோன்றியது. தேவையில்லை, மண்டைக்கே தெரிந்தது. உள்ளூர ஒரே சந்தோஷம்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

அவள் மெஷினை நிறுத்தினாள். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். உடம்பைத் திருப்பி, கழுத்தை நீட்டி, சுவரில் இருந்த கருவியைக் கூர்ந்து பார்த்தாள்.

"முப்பத்திரண்டுங்க."

"அது கெடக்கட்டும். ஒனக்கு எப்படி இருக்குன்னு கேட்டேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பார்க்கும் பார்வை அது. மறுபடியும் கருவியைப் பார்த்தாள்.

"முப்பத்திரண்டுதான். நீங்களே வேணா பாருங்க."

சுவரிடம் போய் ஆணியிலிருந்து கருவியைக் கழற்றினேன். அவள் கையில் இருந்த துணியை மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். அவள் கேட்டதில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. தெரியாமல்தான் கேட்டாள்.

"அதக் கழட்டிட்டா எனக்கு எப்படீங்க தெரியும்?"